ஏறிய கியரிலேயே இறங்கவும்

இரண்டே இரண்டு கட்டம்தான். ஒன்றில் டிக் அடித்துக் கீழே ஞானசிகாமணி என்று கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. மேல் கட்டத்தில் ரியர் வீல் டிரைவ், கீழ்க் கட்டத்தில் ஆல் வீல் டிரைவ். பின்னால் ஒரு மோட்டார் இருந்து பின் சக்கரங்களை மட்டும் ஓட்டுவது முதலாவது, முன்னாலும் ஒரு மோட்டார் இருந்து நாலு சக்கரத்தையும் ஓட்டுவது இரண்டாவது என்று இந்த மின்சாரக் கார் ஷோரூமில் விற்கிற பெண் மோகனப்பிரியா ஒரு தாளில் படமே போட்டுக் காட்டிவிட்டாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும். நான் அரை மணி நேரமாகப் பேனாவை மூடித் திறந்துகொண்டிருக்கிறேன். "அவசரமில்லீங்க சார், யோசிச்சே போடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போனவள் நடுநடுவே தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றும். நியாயம்தான். மகன் ஆல்வின் கனடாவிலிருந்து முடிவே சொல்லிவிட்டான், ஆல் வீல்தான். "இங்க பனியில எல்லாரும் அதான் வச்சிருக்காங்கப்பா. அம்மாவுக்கு ஆனத நினைச்சுப் பாருங்க. இன்னொரு வாட்டி வழுக்கக் கூடாது." அம்மாவுக்கு ஆனதை நினைத்துப் பார்க்க எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? வேறு எதை நினைக்கிறேன் நான், மூன்று வருஷமாக? சீலியும் ஆல் வீல்தான் என்கிறாள். பாக்கியசீலி, என் மனைவி. ஆல் வீல் என்றால் என்னவென்று ஒரு மாதத்துக்கு முன்பு அவளுக்குத் தெரியாது, இப்போது டாக்டரிடம்கூடச் சொல்கிறாள், நாலு சக்கரமும் பிடிக்குமாம் டாக்டர், மழையில வழுக்காதாம். வழுக்காதாம். வழுக்கத்தான் இல்லையே அன்றைக்கும். அவர்கள் இரண்டு பேரும் இவ்வளவு உறுதியாக இருப்பதற்குக் காரணம் நான் சொன்ன ஒரு பொய். அந்தக் கீழ்க் கட்டத்தில் டிக் அடித்தால் அந்தப் பொய்க்கு நான் இன்னொரு முறை கையெழுத்துப் போடுகிறேன் என்று அர்த்தம், இந்தத் தடவை நாலு சக்கரமும் இரண்டு மோட்டாரும் வைத்து.

சீலி கண்ணாடிச் சுவர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கைத்தடியை மடியில் குறுக்காக வைத்திருக்கிறாள். நடுவில் நிற்கிற நீலக் காரை ஒருதடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை, அவிநாசி ரோட்டுக்கு மேலே வானத்தைத்தான் பார்க்கிறாள். மேகம் கட்டிக்கொண்டு வருகிறது. எனக்கும் தெரிகிறது. கோத்தகிரியில் இருந்துகொண்டு மழைக்குப் பயப்படுகிறவளை என்ன செய்வது? அங்கே ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, இரண்டுக்கும் நடுவில் தூறல். மழை என்றால் வீட்டுக்குள் இருக்கிறாள், சமைக்கிறாள், பாட்டுப் பாடுகிறாள், அதில் ஒன்றுமில்லை. வண்டியில் ஏற்றிவிட்டு ஒரு துளி கண்ணாடியில் விழட்டும், கதவுப் பிடியைப் பிடித்த கை விடாது. விரல்கணு வெளுத்துப்போகும். போன ஐப்பசியில் தூத்துக்குடியில் அவள் அக்கா இறந்துபோனாள், தாயில்லாத பிள்ளையான இவளை வளர்த்த அக்கா. சேதி காலையில் வந்தது. டாக்சி வாசலில் நின்றது. மழை விடாமல் ஊற்றியது. உடுத்திக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, குடைக்குள் நின்று டாக்சிக் கதவுவரை போனாள், கையை வைத்தாள், எடுத்துவிட்டாள். "என்னால முடியலங்க. அக்கா மன்னிச்சிருவா." திரும்பி வந்து உடுத்திய சேலையோடு நாள் முழுக்க ஹாலில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், மழை ஒன்றும் செய்யவில்லை சீலி, நான்தான், ஏறு வண்டியில் என்று. ஏறியிருப்பாள். அக்கா முகத்தைப் பார்த்திருப்பாள். நான் என்ன செய்தேன்? இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்துக் கொடுத்தேன். மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை என்பார்கள். எங்கள் வீட்டில் கனம் என் மடியில், பயம் அவளுக்கு.

நியூட்ரல். அந்த ஒரு வார்த்தைதான். இறக்கத்தில் கியரை எடுத்து நியூட்ரலில் போட்டுவிட்டால் வண்டி தன்பாட்டுக்கு உருளும், பெட்ரோல் செலவாகாது என்பது எங்கள் மலையில் பாதிப் பேருக்குத் தெரிந்த ரகசியம். மேட்டுப்பாளையம் வரைக்கும் ஓசிப் பயணம். டீ ஃபேக்டரியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இலை லாரி டிரைவர்கள் செய்வதைப் பார்த்துப் படித்தேன், அப்புறம் சொந்தமாகப் பழைய வேன் ஒன்று வாங்கியதும் அவர்களுக்கே பாடம் எடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். எந்த வளைவில் தொடவேண்டும், எந்த வளைவில் தொடாமலே விடலாம் என்று பிரேக்கோடு எனக்கு ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஒப்பந்தமாம். பிரேக்கைக் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். வழியெல்லாம் மஞ்சள் போர்டு வைத்திருக்கிறார்கள், ஏறிய கியரிலேயே இறங்கவும். விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு இறங்கும்போது அந்த போர்டை நானே சத்தமாக வாசித்துக் காட்டுவேன், கியர் நியூட்ரலில் இருக்கும். அது பிள்ளைகளுக்கும் லாரிக்காரர்களுக்கும் எழுதி வைத்தது என்பது என் நினைப்பு. பணம் இல்லாமல் செய்தேன் என்றால்கூட ஒரு மரியாதை உண்டு. அதுவும் இல்லை. கெட்டிக்காரன் என்கிற திமிர், வேறொன்றுமில்லை. சீலிக்கு வண்டி ஓட்டத் தெரியாது, கியர் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவள் பார்க்கமாட்டாள், இறக்கத்தில் என்ஜின் சத்தம் அடங்கி வண்டி வழுக்கிக்கொண்டு போவது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. "தொட்டில்ல போற மாதிரி இருக்கு" என்பாள். ஓட்டுகிறவன் மேல் நம்பிக்கை வைத்துத் தொட்டிலில் உட்கார்ந்திருந்தவள்.

அன்றைக்கும் மழை என்று சொல்ல முடியாது, தூறல், வைப்பர் ஒரு தடவை போட்டால் ஐந்து நிமிடத்துக்குத் தாங்கும் தூறல். காலை பத்தரை மணி. மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம், சீலி மாம்பழக் கலர் பட்டு உடுத்தியிருந்தாள். முன்னால் ஒரு கேஸ் சிலிண்டர் லாரி, மெதுவாகப் போனது, அதனால் வழக்கத்தைவிட அதிகமாக பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். கியர் நியூட்ரலில்தான். லாரி ஓரமாக நின்றதும் தாண்டிப் போனேன். அப்போதுதான் வந்தது. முதலில் எனக்குத்தான் வந்திருக்கும், முப்பத்தொரு வருஷம் டீமேக்கராக இருந்தவன் மூக்கு அது. டிரையர் வாயில் நின்று, உள்ளே இலை தீயப்போகிறது என்று தீய்வதற்கு அரை நிமிடம் முன்பே சொல்கிற மூக்கு. புளிக்கிற இலையில் ஆப்பிள் வாசனை ஏறி இறங்குவதை வைத்து, மணி பார்க்காமல் டிரையருக்கு அனுப்பச் சொல்கிற மூக்கு. ஃபேக்டரியில் மிஷினைவிட ஞானசிகாமணி மூக்கைத்தான் நம்புவார்கள். அந்த மூக்குக்கு வந்தது ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகுகிற வாடை, காரமாக, தொண்டையில் ஒட்டுகிற மாதிரி. பிரேக். சந்தேகமே இல்லை. நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது கியரைப் போட்டு ஓரம் கட்டி, பத்து நிமிடம் ஆறவிட்டிருக்கலாம், கல்யாணத்தில் தாலி கட்டுவதைப் பார்க்கத் தவறியிருப்போம், அவ்வளவுதான். சீலி மூக்கைச் சுருக்கினாள். "ஏங்க, என்னமோ கருகுத வாடை வருதே, நம்ம வண்டியா?" கேட்டாள். சரியாகக் கேட்டாள். மூக்கே இல்லாதவன்கூட அவள் கேட்ட பிறகு நிறுத்தியிருப்பான். நான் சிரித்தேன். "கீழ ஃபேக்டரியில டிரையர்ல இலை தீயுது. எவனோ டீமேக்கர் நின்னுகிட்டே தூங்குறான்" என்றேன். அவளும் சிரித்தாள். ஜன்னலை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு நன்றாக ஒருதடவை இழுத்து மோந்தாள். ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனையோ தடவை இதே கேள்வி. இரண்டு வளைவு தாண்டினால் கொஞ்ச தூரம் சமமான ரோடு, ஆறிவிடும் என்று நினைத்தேன். அதுவா காரணம்? நம்ம வண்டிதான் என்றால், ஏன் என்பாள், நியூட்ரல் என்று சொல்ல வேண்டி வரும், போர்டை வாசித்துக் காட்டுகிற பெரிய மனுஷன் முகம் என்ன ஆவது? அதுதான் காரணம். ஒரு முகத்துக்காக.

அடுத்த வளைவில் பிரேக் பெடல் தரையைத் தொட்டது. ஒன்றும் பிடிக்கவில்லை. கியரைப் போடப் பார்த்தேன், அந்த வேகத்தில் உள்ளே இறங்கமாட்டேன் என்றது. வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் மலை. இடது பக்கம் திருப்பினேன். இடது பக்கம்தான் சீலி உட்கார்ந்திருந்தாள். மண் சுவரில் மோதி, அடியிலிருந்த பாறை அவள் கதவை உள்ளே தள்ளியது. இடுப்பெலும்பு, தொடையெலும்பு, தலையில் அடி. எனக்கு நெற்றியில் ஒரு கீறல், பிளாஸ்திரி ஒட்டினார்கள். வேனை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, நேராகப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலில் கேட்டவரிடம் என்ன சொன்னேன் என்று நன்றாக நினைவிருக்கிறது. "ரோடு ஈரம் சார். பின் சக்கரம் வழுக்கி இழுத்துட்டுப் போயிருச்சு." பின் சக்கரத்தில் ஓடுகிற வேன், ஈர ரோடு, கேட்டவர் தலையாட்டினார். அப்புறம் ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னேன், சொல்லச் சொல்ல எனக்கே அந்த வழுக்கல் உடம்பில் தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அதே சோற்றை மூன்று வருஷமாகச் சாப்பிடுகிறேன். ஆல்வின் ஓடிவந்தான், கட்டிப்பிடித்து அழுதான். "மலைப் பக்கமா திருப்பினீங்களேப்பா, இல்லன்னா ரெண்டு பேரும் இல்ல." எல்லாரும் அதையே சொன்னார்கள், அந்த நேரத்தில் எப்படித் தோன்றியது உனக்கு என்று. சீலி எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு சர்ச்சில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ஆபத்திலிருந்து தப்பினவர்கள் எழுந்து நின்று சொல்லியே ஆக வேண்டும், எங்கள் வழக்கம். ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்து, சக்கரம் வழுக்கினது, கர்த்தர் என் கையைப் பிடித்து மலைப் பக்கம் திருப்பினார் என்றேன். சபை முழுக்க அல்லேலூயா. கர்த்தரையும் பொய்க்குச் சாட்சியாக இழுத்தவன் நான். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். சீலியும் கேட்டுக்கொண்டிருந்தாள், முதல் வரிசையில், கண் கலங்க.

இடுப்பெலும்பு கூடிவிட்டது. கூடாதது ஒன்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள், பால் பொங்கி வழிந்து தீய்ந்து புகை கிளம்புகிறது, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரிக்கிறாள். நான் வாசலிலிருந்து ஓடிவந்தேன். "உனக்கு வாடை தெரியலையா?" "என்ன வாடை?" அப்படித்தான் தெரிந்தது. தலையில் பட்ட அடியில் மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற மெல்லிய நரம்புகள் அறுந்திருக்கும், ஒரு வருஷத்துக்குள் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். வரவில்லை. மல்லிகைப் பூ தெரியாது, மீன் தெரியாது, கேஸ் கசிந்தால் தெரியாது. பேரன் வந்தபோது அவன் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள், பிறகு என்னைக் கூப்பிட்டு, "மோந்து சொல்லுங்க, எப்படி இருக்கு?" என்று கேட்டாள். மோந்து சொன்னேன், கடலை மாவும் கொஞ்சம் வியர்வையும், ஆல்வின் சின்னதில் இருந்த மாதிரியே என்று. அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து நான்தான் அவள் மூக்கு. குழம்பு, தயிர், துவைத்த துணி, மழை வருமுன் மண், எதையும் என் முகத்துக்கு நேரே நீட்டுவாள், மோந்து சொல்லுங்க. நான் மோந்து சரி என்றால்தான் ஒரு வாய் வைப்பாள். முப்பத்தொரு வருஷம் ஃபேக்டரி என் மூக்கை நம்பியதைவிட அதிகமாக நம்புகிறாள். அவள் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதுதான் வெட்கக்கேடு. அவள் மூக்கை எடுத்தவனுக்கு அவள் மூக்காக இருக்கும் உத்தியோகம் கிடைத்து, அதில் அவன் பெருமைப்படவும் செய்கிறான்.

இதெல்லாம்கூடச் சொல்லிவிடலாம். பிரேக், நியூட்ரல், திமிர், எல்லாவற்றையும் ஒரு நாள் காலை காபி குடிக்கும்போது சொல்லித் தொலைத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சொல்ல விடாதது அந்தத் தேயிலை. சீலி யாரிடமும் சொல்வாள், பக்கத்து வீட்டு மிராண்டா டீச்சரிடம், பிசியோதெரபி செய்கிற பெண்ணிடம், ஜெபக் கூட்டத்தில்: "கர்த்தர் என் மூக்க எடுத்தாலும் கடைசியா ஒரு நல்ல வாடைய காட்டிட்டுத்தான் எடுத்தாரு. ஃபேக்டரியில இலை தீஞ்ச வாடை. முப்பது வருஷமா இவங்க சட்டையில வந்த வாடை. நான் கண்ணை மூடுனா இப்பவும் வருது." வராது, எனக்குத் தெரியும், அவள் கண்ணை மூடினால் வருவது என்னவென்று எனக்கு மட்டும் தெரியும். ஜன்னலை இறக்கிவிட்டு ஆசையாக இழுத்தாளே, அது. கருகிய பிரேக்கைத் தேயிலை என்று நான் கொடுத்தேன், அவள் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். உலகத்தில் அவளுக்கு மிச்சமிருக்கிற ஒரே வாசனை. அதைப் பிடுங்கிக்கொண்டு, உன்னிடம் இருப்பது அதுவல்ல, நீ கேட்டபோது நான் மறைத்தேனே, அதுதான் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? இப்படி யோசிக்கும்போது நான் பெரிய தியாகி மாதிரித் தோன்றும். அவளுக்காகத்தான் மறைக்கிறேன். அவளுக்காகவாம். அக்கா சாவுக்குப் போகாமல் உடுத்திய சேலையோடு உட்கார்ந்திருந்தாளே, அதுவும் அவளுக்காகவா? ஒரு பக்கம் மழைப் பயம், ஒரு பக்கம் தேயிலை வாசனை, இரண்டும் ஒரே பொய்யின் இரண்டு முனை. ஒன்றை அவிழ்த்தால் மற்றதும் அவிழும். இதை மூன்று வருஷமாகச் சுற்றிச் சுற்றி வந்து அதே இடத்தில் நிற்கிறேன், செக்கு மாடு மாதிரி. இன்றைக்கு யாரோ அதை ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்து டிக் போடச் சொல்கிறார்கள்.

காலையில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு ஸ்டியரிங். வேறு யார் ஓட்டினாலும் சீலி ஏறமாட்டாள், டாக்சியில் வேறு வழியில்லாமல் வருகிறாள், அதுவும் மழையில்லாத காலையாகப் பார்த்து. "நீங்க ஓட்டுனா வாரேன். நீங்கன்னா மலைப் பக்கமா திருப்பிருவீங்க" என்கிறாள். இதைக் கேட்டுவிட்டு எப்படிச் சாப்பிடுகிறேன், எப்படித் தூங்குகிறேன்? மோகனப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், மேம்பாலத்தில் ஏறச் சொன்னாள். கியரே இல்லை. இடது கால் பழக்கத்தில் கிளட்சைத் தேடியது. உச்சிக்குப் போனதும், "இப்ப இறக்கம் வருதுங்க சார், ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துருங்க, பிரேக் மிதிக்க வேண்டாம்" என்றாள். எடுத்தேன். வண்டி தானே பிடித்துக்கொண்டது, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி. "இறக்கத்துல வண்டி உருள்ற வேகத்தையே கரண்டா மாத்தி பேட்டரிக்கு அனுப்பிருங்க. கோத்தகிரியில இருந்து நீங்க இறங்கி வந்தா சார்ஜ் குறையாது, கூடுங்க சார்." கூடுமாம். மலையை ஏமாற்றி எதைத் திருடப் பார்த்தேனோ, அதை மலையே தன் கையால் எடுத்துக் கொடுக்கிறது, காலை எடுத்தால் போதும் என்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏசி காற்று என்றேன். இதற்குக்கூட ஒரு பொய் தயாராக இருந்தது. இறங்கிய பிறகு அவளைத் தனியாகக் கேட்டேன், ஏம்மா, கோத்தகிரி ரோட்டில் மழையில் ரியர் வீல் ஓடாதா? அவள் சிரித்தாள். "எங்க மாமா குன்னூர்ல ரியர் வீல்தாங்க சார் வச்சிருக்காரு. டயர் நல்லா இருந்து, நிதானமா ஓட்டுனா போதுங்க. சேறு, செங்குத்தான எஸ்டேட் பாதை, அப்படின்னா ஆல் வீல் எடுங்க. தார் ரோட்டுக்கு இது தாராளம், ஒரே சார்ஜ்ல தூரமும் கூடப் போகும்." விற்கிற பெண்ணே விலை குறைந்ததைச் சொல்கிறாள். நான்தான் பொய் சொல்லி விலை கூடியதை வாங்கப் பார்க்கிறேன்.

போட்டுவிடு, ஞானசிகாமணி. கீழ்க் கட்டத்தில் போட்டுவிடு. நாலு சக்கரம் பிடித்தால் நல்லதுதானே, யாருக்கு நஷ்டம்? அவள் தைரியமாக ஏறுவாள். ஏறுவாளா? நாலு சக்கரமும் பிடிக்கும் என்று படித்துப் படித்துச் சொன்னாலும் துளி விழுந்ததும் கை கதவுப் பிடிக்குத்தான் போகும், ஏனென்றால் அவள் பயப்படுவது மழைக்கு, அந்த மழையை அவள் தலையில் ஏற்றி வைத்தது நான். எத்தனை மோட்டார் வைத்தாலும் அது இறங்காது. பேனாவைக் கீழ்க் கட்டத்துக்கு நேராகக் கொண்டுபோனேன். அந்தச் சின்னச் சதுரத்தில் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளியோடு நின்றுவிட்டது கை. ஏறிய கியரிலேயே இறங்கவும். வெளியே கண்ணாடியில் முதல் தூறல் விழுந்து கோடு போட்டது. சீலியைப் பார்த்தேன். ஷோரூமுக்குள்ளே, தரையில் ஊன்றிய நாற்காலியில், வண்டி எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள், வலது கை நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறது. விரல்கணு வெளுத்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

தடியை ஊன்றிக்கொண்டு அவளே எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "போட்டாச்சா? மழை பிடிச்சுட்டே. எப்படி வீட்டுக்குப் போவோம்?" மோகனப்பிரியாவும் எழுந்து வந்தாள், ஃபாரத்தை எடுத்துக்கொள்ள. "ரியர் வீலே போதும்மா" என்றேன், மோகனப்பிரியாவைப் பார்த்து, சீலியைப் பார்க்காமல். சீலி என் கையைத் தொட்டாள். "என்ன சொல்லுதீங்க? பழையபடி இழுத்துட்டுப் போயிருமே." "அன்னைக்கு வண்டி வழுக்கல, சீலி." என் குரல்தானா என்று இருந்தது. "நியூட்ரல்ல இறக்கிக்கிட்டு வந்தேன், பெட்ரோல் மிச்சம் பிடிக்க. எப்பவுமே அப்படித்தான் இறக்குவேன். பிரேக் சூடேறிக் கருகிருச்சு, பிடிக்கல. ரோட்டு மேல தப்பு இல்ல. மழை மேல தப்பு இல்ல. நான்தான்." மோகனப்பிரியா ஃபாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நீலக் காரைப் பார்த்தாள். சீலி கண்ணாடியில் தண்ணீர் வழிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா நினைவுதான் வருகிறது என்று நினைத்தேன். அழுவாள், திட்டுவாள், தடியை எடுத்து ஒரு போடு போட்டாலும் சரி என்று காத்திருந்தேன். அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"அப்போ அந்த வாடை?"

எத்தனை இரவு, எத்தனை பகல் இந்தக் கேள்விக்குப் பதில் தயார்செய்திருப்பேன். "தேயிலை இல்ல" என்றேன்.

"நான் கேட்டேம்லா, நம்ம வண்டியான்னு?"

"கேட்ட."

"உங்களுக்குத் தெரிஞ்சுதுல்லா?"

"தெரிஞ்சுது."

கண்ணை மூடிக்கொண்டாள். மூக்கு விடைத்தது, ஒருதடவை, இரண்டு தடவை, உள்ளே எங்கேயோ இருக்கிற ஒன்றை மறுபடி எடுத்து மோந்து பார்க்கிறவள் மாதிரி. என்ன வந்தது, வந்ததா என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது கண் உலர்ந்திருந்தது. என் கையிலிருந்து பேனாவை வாங்கி மேல் கட்டத்தில் அவளே டிக் அடித்தாள். "இதையே எழுதிக்கோம்மா. அவருக்கு இது போதும்" என்றாள். அவருக்கு. பிறகு மோகனப்பிரியாவிடம், "எனக்கும் ஓட்டக் கத்துக் குடுக்க இங்க யாரும் இருக்காங்களா? கியர் இல்லையே, இந்தக் காலை வச்சுக்கிட்டு ஓட்டலாம்லா?" என்று கேட்டாள். "தாராளமா ஓட்டலாங்கம்மா" என்றாள் அந்தப் பெண், தப்பித்தோம் என்கிற முகத்தோடு. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றரை. சீலி பையைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்தாள். காலை ஐந்து மணிக்குப் பிசைந்த தயிர்ச்சாதம், மலையிலிருந்து இறங்கி இந்தச் சூட்டில் இவ்வளவு நேரம் இருந்தது. மூடியைத் திறந்தாள். என்னையறியாமல் முகத்தை முன்னால் நீட்டினேன், மூன்று வருஷப் பழக்கம். டிபன் பாக்ஸ் என் முகத்தைத் தாண்டி மேஜைக்கு அந்தப் பக்கம் போனது.

"எம்மா, இது கெட்டுப்போச்சான்னு கொஞ்சம் மோந்து சொல்லேன்."

மோகனப்பிரியா என்னை ஒருதடவை பார்த்துவிட்டுக் குனிந்து மோந்தாள். "நல்லாத்தாங்கம்மா இருக்கு."

சீலி சாப்பிட ஆரம்பித்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஓரடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கும் தெரிந்தது, இஞ்சி, கறிவேப்பிலை, இன்னும் புளிக்காத தயிர். என்னை யாரும் கேட்கவில்லை.